கிரீம் வாங்கும் முன் நாலு வாரம் ஒழுங்காகத் தூங்கிப் பாருங்கள்

போன வருடம் மே மாதம் ஊருக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா கேட்டுவிட்டாள்: "என்னடி, மூஞ்சி இப்படி வத்திப் போயிருக்கு?" அப்போது சென்னை வீட்டு பாத்ரூம் அலமாரியில் ஆறு கிரீம் இருந்தது. ஆறும் இருந்தும் ஃபேஸ்வாஷ் பட்டால் கன்னம் எரியும், மூக்கோரம் தோல் உரியும், காலையில் கண்ணுக்குக் கீழே பை தொங்கும். ராத்திரி ஒன்றரை மணிக்குப் படுப்பேன். ஏழு மணி அலாரத்தை நாலு தடவை அணைத்துவிட்டு எழுவேன். ஞாயிறு மட்டும் பதினொரு மணி வரை தூக்கம். இப்படியே இரண்டு வருடம் ஓடியிருந்தது.

அதை எப்படிச் சரிசெய்தேன் என்பதைத்தான் வரிசையாக எழுதுகிறேன். செலவு கிட்டத்தட்ட இல்லை, நாலு வாரப் பொறுமை மட்டும் வேண்டும். மேல்தோல் ஒரு சுற்று புதுப்பிக்கவே சுமார் நாலு வாரம் ஆகும், வயது கூடக்கூட இன்னும் அதிகம். அதனால் மூன்றாவது நாளே கண்ணாடியைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தூங்கினால் நிறம் மாறாது. மாறக்கூடியது வறட்சி, எரிச்சல், வீக்கம், களைத்த தோற்றம்.

தூக்கத்துக்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம்?

மேல்தோலை ஒரு செங்கல் சுவராக நினைத்துக்கொள்ளுங்கள். செல்கள் செங்கல், நடுவில் உள்ள கொழுப்பு சாந்து. சாந்து விரிசல் விட்டால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறும், வெளியே இருக்கும் சோப்பும் தூசியும் உள்ளே போய் எரிக்கும். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 60 பெண்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒட்டும் டேப்பைத் தோலில் ஒட்டி ஒட்டி உரித்து, வேண்டுமென்றே அந்தச் சுவரைக் கொஞ்சம் சேதப்படுத்தி, எவ்வளவு சீக்கிரம் சரியாகிறது என்று அளந்தார்கள். 72 மணி நேரத்தில் நன்றாகத் தூங்குகிறவர்களுக்கு, தூக்கம் கெட்டவர்களைவிட 30 சதவீதம் கூடுதலாகச் சரியாகியிருந்தது.

சுவீடனில், ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் செய்த ஆய்வு இன்னும் சுவாரசியம். 23 பேரை நன்றாகத் தூங்கிய பிறகு ஒரு முறை, தூங்கவிடாமல் வைத்து ஒரு முறை, மேக்கப் இல்லாமல் ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து, முன்பின் தெரியாத 65 பேரிடம் காட்டினார்கள். எந்தப் படம் எப்போது எடுத்தது என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் தூங்காத முகங்களுக்கு ஆரோக்கியத்தில் குறைவான மார்க் போட்டார்கள். 2010இல் வெளிவந்த ஆய்வு இது. அம்மா வாசலிலேயே போட்ட மார்க்கும் அதுதான்.

படி 1: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுதி வையுங்கள்

பழைய நோட்டு ஒன்று போதும். படுத்த நேரம், எழுந்த நேரம், கடைசி காபி எத்தனை மணிக்கு, காலையில் முகம் எப்படி (எரிச்சல், உரிதல், வீக்கம்) என்று தினம் ஒரு வரி. கைக்கடிகாரம் காட்டும் "ஆழ்ந்த தூக்கம்" கணக்கையெல்லாம் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அதைப் பார்த்துப் பார்த்தே தூக்கம் போனவர்களை எனக்குத் தெரியும்.

முதல் நாள் காலையில் ஜன்னல் ஓரம் நின்று ஒரு போட்டோ எடுங்கள். அதே ஜன்னல், அதே நேரம், ஃபில்டர் கூடாது. 15ஆம் நாளும் 28ஆம் நாளும் இதே மாதிரி இன்னொன்று.

படி 2: எழும் நேரத்தைக் கட்டிப்போடுங்கள்

எல்லோரும் "இன்றைக்குப் பத்து மணிக்குப் படுத்துவிடுகிறேன்" என்று ஆரம்பித்துத்தான் தோற்கிறார்கள். தூக்கம் நாம் கூப்பிட்டால் வராது. ஆனால் எழுவது நம் கையில் இருக்கிறது. ஒரு நேரத்தை முடிவு செய்யுங்கள், 6.30 என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கியிருந்தாலும் 6.30க்கு எழுந்துவிட வேண்டும். ஞாயிறும் அதே நேரம்தான். முதல் மூன்று நாள் நரகம், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. (அந்த நாட்களில் தூக்கக் கலக்கத்தோடு வண்டி ஓட்டாதீர்கள், பஸ்ஸில் போங்கள்.) நாலாவது, ஐந்தாவது நாளில் ராத்திரி பத்தரைக்கே கண் சொக்க ஆரம்பிக்கும். அப்போது படுங்கள். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம் வேண்டும் என்பதுதான் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணித் தூக்கத்தை விடுவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் அதுதான் ஞாயிறு ராத்திரித் தூக்கத்தைத் தின்றுகொண்டிருந்தது. திங்கட்கிழமை காலையில்தான் என் முகம் படு மோசமாக இருந்தது என்று நோட்டைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

எழுந்ததும் பால்கனிக்கோ மொட்டை மாடிக்கோ போய்ப் பத்துப் பதினைந்து நிமிடம் காலை வெளிச்சத்தில் நில்லுங்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், கோலம் போடலாம், சும்மாவும் நிற்கலாம். உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்துக்கு அதுதான் சாவி.

நைட் ஷிஃப்ட்காரர்களுக்கு இந்த வரிசை அப்படியே பொருந்தாது. வேலை முடிந்து வரும்போது கூலிங் கிளாஸ், அறையில் கெட்டியான திரை, லீவு நாளிலும் முடிந்த அளவு அதே நேரம். இவ்வளவுதான் இப்போதைக்குச் சொல்ல முடியும்.

படி 3: மதியம் இரண்டு மணிக்குமேல் காபி வேண்டாம்

காபி குடித்தாலும் எனக்குத் தூக்கம் வரும் என்று சொல்கிறவர்கள் உண்டு. வரும், ஆனால் ஆழம் குறையும். குடித்த காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் பிடிக்கும். சாயங்காலம் ஐந்து மணிக்குக் குடித்த டிகாஷனில் பாதி பத்து மணிக்கும் உள்ளே உட்கார்ந்திருக்கும். டீயும் கணக்கில் சேர்த்தி. எனக்கு ஐந்து மணிக்குக் கையில் ஒரு டம்ளர் இல்லாமல் முடியாது என்பதால் சுக்கு மல்லிக்கு மாறினேன். ராத்திரிச் சாப்பாட்டில் அப்பளம், ஊறுகாய், கருவாடு அதிகமானால் காலையில் கண் உப்புவதும் கூடும். அதையும் நோட்டில் குறித்துப் பாருங்கள்.

படி 4: அறையைக் குளிர வையுங்கள்

எங்கள் ஊர்ப் பக்கம் இதுதான் பெரிய பிரச்சினை. நான் இருப்பது மேல்தளத்து வீடு. பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் ராத்திரி பதினொரு மணிக்கும் தலைக்கு மேலே அனல் விடும், ஃபேன் அந்த அனலையே இறக்கிக் கொடுக்கும். உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்கினால்தான் தூக்கம் பிடிக்கும். போதாக்குறைக்கு சூட்டில் வியர்த்து, வியர்வையில் அரித்து, அரித்ததைச் சொறிந்து, சொறிந்த இடம் கறுத்து... நம் தோலில் இந்தக் கறுப்பு மாதக்கணக்கில் நிற்கும். ராத்திரித் தூக்கக் கலக்கத்தில் சொறிகிறவருக்குக் கணக்கே தெரியாது.

நான் செய்தது: ஆறு மணிக்கு மாடியில் நாலு வாளித் தண்ணீர் தெளிப்பது (தண்ணீர் இருக்கும் நாட்களில்). வெயில் தாழ்ந்ததும் எதிரெதிர் ஜன்னலைத் திறந்து வைப்பது. ஃபோம் மெத்தை சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் அதன்மேல் கோரைப்பாய், பாயின்மேல் பருத்தி விரிப்பு. கொசுவுக்கு வலை.

படுப்பதற்கு ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான தண்ணீரில் குளியுங்கள். கோடையில் வெந்நீரா என்று கேட்பீர்கள். வெதுவெதுப்பு கை, கால் ரத்தக் குழாய்களை விரிக்கும், உள்சூடு அந்த வழியாக வெளியே போகும். ஐஸ் மாதிரி தண்ணீர் விட்டால் குழாய் சுருங்கிக்கொள்ளும். கொதிக்கக் கொதிக்கவும் வேண்டாம், தோலின் எண்ணெய்ப் பசையை வழித்துக்கொண்டு போய்விடும்.

ஏசி இருந்தால் 26இல் வைத்து ஃபேனை மெதுவாகச் சுழல விடுங்கள். ஏசி காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்வதால், அடுத்த படியைத் தவறவிடாதீர்கள்.

படி 5: ராத்திரி முகத்துக்கு இரண்டே வேலை

ராத்திரியில் தோலிலிருந்து ஈரம் வெளியேறுவது பகலைவிட அதிகம். படுக்கும் நேரத்தில் அரிப்பு கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம். அதனால்: ஒன்று, மென்மையான ஃபேஸ்வாஷால் ஒரு முறை கழுவுவது, தேய்ப்பு வேலை கூடாது. இரண்டு, துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் பட்டாணி அளவு. கிளிசரினோ செராமைடோ உள்ள எதுவும் போதும். கை காலுக்குத் தேங்காய் எண்ணெய் நன்றாகவே வேலை செய்யும், பரு வரும் முகத்துக்கு மட்டும் வேண்டாம். உதடு, குதிகாலுக்கு வாசலின்.

இதைப் படுக்கும்போது செய்யாமல், சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி முடித்த கையோடு செய்துவிடுங்கள். தூக்கம் கண்ணைக் கட்டும்போது பாத்ரூம் விளக்கைப் போட்டுக்கொண்டு முகம் கழுவினால் வந்த தூக்கம் போய்விடும்.

எரிச்சல் அடங்கும்வரை மற்ற கிரீமையெல்லாம் ஓரம் கட்டுங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தது இதில் சேராது, அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

படி 6: தலையணை உறையை முகர்ந்து பாருங்கள்

சிரிக்காதீர்கள். தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டு தூங்குகிற வழக்கம் நமக்கு உண்டு. என் உறையை ஒருநாள் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்: நடுவில் வட்டமாக மஞ்சள் கறை, ஓரத்தில் சிக்கு வாடை. நான் இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பவள். நெற்றி ஓரத்திலும் இடது கன்னத்திலும்தான் பொடிப்பொடியாகப் பரு. எண்ணெயைக் காலையில் வைத்துக் குளித்துவிடும் வழக்கத்துக்கு மாறினேன், உறையை வாரம் இரண்டு முறை மாற்றினேன். ஒருநாள் திருப்பிப் போட்டுச் சமாளிக்கலாம், தப்பில்லை. மூன்று வாரத்தில் நெற்றி ஓரம் தெளிந்தது. தூக்கம் குறைந்தால் பரு வரும் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் பலமாக இல்லை. என் விஷயத்தில் பழி உறைமேல்தான்.

எண்ணெய்க் குளியல் நாளில் பகலில் தூங்காதே என்று வீட்டில் சொல்வார்கள் இல்லையா? காரணம் எதுவாக இருந்தாலும், ராத்திரித் தூக்கத்துக்கு அது நல்லதுதான். பகல் தூக்கம் தவிர்க்க முடியாவிட்டால் மூன்று மணிக்கு முன், இருபது நிமிடம்.

படி 7: போனை ஹாலில் படுக்க வையுங்கள்

சார்ஜரை ஹாலில் மாட்டிவிட்டேன், விஷயம் முடிந்தது. அலாரத்துக்கு ஒரு சாதாரண கடிகாரம் வாங்கினேன்.

நடு ராத்திரி விழிப்பு வந்தால்? மணி பார்க்காதீர்கள். ஏறத்தாழ இருபது நிமிடம் புரண்டும் தூக்கம் வராவிட்டால் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். நான் துவைத்த துணியை மடித்து வைப்பேன். கண் சொக்கியதும் திரும்பிப் போய்ப் படுப்பேன். படுக்கை என்றாலே புரளும் இடம் என்று மனசு பழகிவிடக் கூடாது.

தூங்கியும் சரியாகாதவை

என் 28ஆம் நாள் போட்டோவில் கன்னச் சிவப்பு இல்லை, கண் பை பாதியாகியிருந்தது. கருவளையம் அப்படியேதான் இருந்தது. அது அப்பா வழி. பிறவியிலேயே வரும் நிறம், கண் ஓரத்துக் குழி, அலர்ஜியில் கண்ணைத் தேய்க்கும் பழக்கம், இவற்றால் வரும் கருவளையத்துக்குத் தூக்கம் மருந்தாகாது.

கீழே உள்ளதில் எது இருந்தாலும் நாலு வாரம் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள். பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது, பகலில் அடக்க முடியாத தூக்கம்: இது தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோயாக இருக்கலாம். கழுத்தின் பின்புறம் வெல்வெட் மாதிரி கறுத்துத் தடித்தால் அதை அழுக்கு என்று நினைத்து பீர்க்கங்காய் நாரால் தேய்க்கிறார்கள். பெரும்பாலும் அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம், சர்க்கரை பார்க்க வேண்டும். ராத்திரியில் மட்டும் உயிரை எடுக்கும் அரிப்பு, விரல் இடுக்கில் பொடிப் பொரி, வீட்டில் இன்னும் இரண்டு பேருக்கும் அதே என்றால் சிரங்காக இருக்கலாம். அதற்கு வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் மருந்து போட வேண்டும். தோல் வறட்சியோடு முடி கொட்டுதல், ஓயாத அசதி இருந்தால் தைராய்டும் ரத்தசோகையும் பார்க்கச் சொல்வார்கள்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய "சிவப்பழகு" டியூப்பை மாதக்கணக்கில் போட்டு வருகிறவர்கள், உள்ளே பீட்டாமெதசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இவை ஸ்டீராய்டு. முகத்தில் நாள்பட போட்டால் தோல் மெலியும், சிவக்கும், பரு வரும், திடீரென்று நிறுத்தினால் பொங்கும். இதைத் தோல் டாக்டர்தான் வழி நடத்தி நிறுத்த வேண்டும். போகும்போது அந்த நோட்டையும் டியூப்பையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். டியூப் காலியாகியிருந்தாலும் பரவாயில்லை, பெயர் தெரிந்தால் போதும்.