தேர்வு நாளைத் தவறவிட்டும் அணியில் சேர்ந்த கதை

பல்கலைக்கழகத் தடகள அணிக்கான தேர்வு முடிந்து இரண்டு வாரம் கழித்துத்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. பயிற்சியாளருக்கு என் வாழ்க்கை வரலாற்றையே மின்னஞ்சலாக எழுதினேன், பதில் இல்லை. அணியில் இருந்த சீனியர் அண்ணன் ஒருவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "அவர் எண்ணைத்தான்டா பார்ப்பார்."

சரி என்று நாலே வரியில் மாற்றி எழுதினேன்: 400 மீட்டர், 51.2 விநாடி, எந்தப் போட்டி, எப்போது, கூடவே ஓட்டத்தின் வீடியோ. அன்றே பதில் வந்தது, ஒரே கேள்வியோடு: "கையால் அழுத்திய ஸ்டாப்வாட்ச் நேரமா, மின்னணு நேரமா?" கையால் எடுத்தது என்றேன். அதை மின்னணு நேரமாக மாற்ற 400 மீட்டருக்கு 0.14 விநாடி கூட்டிக் கணக்கிடுவார்களாம், ஆக 51.34. அணியில் இடமில்லை, வேண்டுமானால் சேர்ந்து பயிற்சி செய் என்றார். தொடர் ஓட்டத்தில் ஒருவனுக்குத் தொடைத் தசை பிடித்துக்கொண்டபோது பக்கத்தில் நின்றது நான்தான்; அப்படித்தான் அணிக்குள் வந்தேன்.

பணம்தான் பெரிய தலைவலி. விளையாட்டு உதவித்தொகை எல்லாம் சேர்க்கையின்போதே பேசி முடிந்திருந்தது. அப்புறம் துறை அலுவலகத்தில் கேட்டபோது மதிப்பெண் உதவித்தொகையும், பயணத்துக்கென்று பழைய மாணவர் நிதியும் இருப்பது தெரிந்தது (விளையாட்டுப் பிரிவில் யாரும் சொல்லவில்லை, கேட்காதது என் தப்பும்தான்). ஒன்றை வாங்கினால் மற்றதைக் குறைப்பார்களா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டேன். பயண நிதி போய் வந்த பிறகுதான் கைக்கு வரும், ரசீது கட்டாயம். முதல் தடவை ரசீதைச் சட்டையோடு துவைத்துவிட்டேன். இப்போதெல்லாம் வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்பே போட்டோ எடுத்துவிடுகிறேன்.