பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்க்கப் போகிறீர்களா?

நாகர்கோவிலில் இருந்து தக்கலைக்குப் பஸ் ஏறுங்கள். அங்கிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான். திங்கட்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், விடுமுறை. சென்னையிலிருந்து வந்த மச்சானை ஒருமுறை அப்படிக் கூட்டிப்போய், பூட்டிய கதவைக் காட்டித் திரும்பினேன். இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. 1956-இல் கன்னியாகுமரி மாவட்டம் இங்கே சேர்ந்தபோதும் இது அவர்களிடமே நின்றுவிட்டது. 1795 வரை திருவிதாங்கூருக்குப் பத்மநாபபுரம்தான் தலைநகர்.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நல்லதுதான், அந்தக் கருந்தரையின் வழவழப்பும் குளிர்ச்சியும் வெறுங்காலுக்குத்தான் தெரியும். சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் கலந்து இழைத்தது என்பார்கள். ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் பலகைச் சாளரங்கள் வழியாக வெயில் கசிந்து வருவதைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். வெளியே புழுக்கமாக இருந்தாலும் உள்ளே காற்று வரும்.

படிகள் குறுகலானவை, செங்குத்தானவை. முட்டிவலி உள்ளவர்கள் கைப்பிடியை விடாதீர்கள். உயரமானவர்கள் நிலைவாசலில் குனியுங்கள், நான் இரண்டு முறை இடித்துக்கொண்டேன்.

ஊட்டுபுரை என்ற சாப்பாட்டுக் கூடத்தில் ஓராயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். ஊறுகாய் பரணிகளே, அதாவது ஜாடிகளே, அவ்வளவு பெரியவை. அரண்மனையின் பழைய பகுதியான தாய்க் கொட்டாரத்தில் ஒற்றைப் பலாமரத் தூணின் செதுக்கு வேலையைத் தவறவிடாதீர்கள். ஆயுதங்கள் சும்மா ஒரு பார்வை போதும். அப்புறம், சாப்பாட்டு நேரத்துக்கு மூடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.