விமான நிலையத்துக்கு வெளியே அவசரத் தரையிறக்கம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

1993 நவம்பர் 15 அன்று சென்னையிலிருந்து ஹைதராபாத்துக்குப் புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ300 விமானம், திருப்பதிக்கு அருகே வயல்வெளியில் இறங்கி நின்றது. ஹைதராபாத்தில் பார்வைத் தெளிவு குறைந்திருந்ததால் தரையிறங்காமல் மீண்டும் மேலெழும்பிய அந்த விமானத்தின் ஃபிளாப்புகள், அதாவது குறைந்த வேகத்தில் பறப்பதற்காக இறக்கையிலிருந்து நீட்டப்படும் பகுதிகள், உள்ளே போகாமல் சிக்கிக்கொண்டன. அதே நிலையில் சென்னைக்குத் திரும்பும் வழியில் எரிபொருள் போதாமல் போயிற்று. விமானத்தில் இருந்த 250க்கும் மேற்பட்டோரில் ஒருவரும் உயிரிழக்கவில்லை. வயலில் இறங்கிய விதம் பாராட்டுக்குரியது. ஆனால் வயலில் இறங்க நேர்ந்த காரணத்தையே நாம் முதலில் கவனிக்க வேண்டும்.

ஃபிளாப்போ சக்கரமோ சக்கரக் கதவோ வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விமானம் காற்றின் இழுவையோடு போராடிக்கொண்டே பறப்பதால், அது வழக்கத்தைவிட மிக அதிகமாக எரிபொருளைக் குடிக்கும். இந்தக் கூடுதல் செலவைக் கணக்கில் எடுக்காததே முதல் தவறு. 2000 ஜூலை 12 அன்று கிரீஸின் கானியாவிலிருந்து ஹனோவருக்குப் புறப்பட்ட ஹாபாக்-லாய்டு ஏ310 விமானத்தில் சக்கரங்கள் முழுதாக உள்ளே போகவில்லை. அந்த நிலையை அறியாத விமானக் கணினி காட்டிய எரிபொருள் மதிப்பீட்டை நம்பிப் பயணம் தொடர்ந்தது. இறுதியில் வியன்னா ஓடுபாதைக்குச் சில நூறு மீட்டர் முன்பே விமானம் தரையில் விழுந்தது. 2023 செப்டம்பர் 12 அன்று ரஷ்யாவின் ஊரல் ஏர்லைன்ஸ் ஏ320 விமானம் ஹைட்ராலிக் கோளாறால், அதாவது சக்கரம், பிரேக் போன்றவற்றை இயக்கும் திரவ அழுத்த அமைப்பின் பழுதால், ஓம்ஸ்க்கில் இறங்காமல் நீண்ட ஓடுபாதை கொண்ட நோவோசிபிர்ஸ்க்கை நோக்கித் திசைமாறியது. சக்கரக் கதவுகள் திறந்திருந்ததால் கணக்கிட்டதைவிட எரிபொருள் வேகமாகத் தீர, வழியிலேயே கோதுமை வயலில் இறங்க வேண்டியதாயிற்று. இரண்டிலும் உயிரிழப்பு இல்லை. ஆனால் மூன்று பத்தாண்டுகளில் ஒரே தவறு மூன்று நாடுகளின் விமானங்களில் நிகழ்ந்திருப்பது சாதாரண விஷயம் அல்ல.

இதைத் தவிர்க்கும் வழி எளிமையானது. கணினி முன்கூட்டிச் சொல்லும் தொகையை ஒதுக்கிவிட்டு, தொட்டியில் உண்மையில் எவ்வளவு குறைந்தது, அதற்கு எவ்வளவு தூரம் கடந்தோம் என்பதைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்; எரிபொருள் கையில் இருக்கும்போதே அருகிலுள்ள விமான நிலையத்தைத் தேர்ந்துவிட வேண்டும். 1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லாண்டில் யுனைடெட் நிறுவனத்தின் டிசி-8 விமானம், சக்கரக் கோளாறு ஒன்றை ஆராய்ந்தபடியே ஏறத்தாழ ஒரு மணி நேரம் வானில் வட்டமடித்து, எரிபொருள் தீர்ந்து, நகரின் புறப்பகுதியில் விழுந்தது. பத்துப் பேர் இறந்தனர். எரிபொருள் குறைவதைக் கண்ட துணை ஊழியர்கள் அதைத் தலைமை விமானியிடம் அழுத்தமாகச் சொல்லவில்லை. மூத்தவர் எதிரில் தயங்கும் இப்பழக்கம் விமானி அறையில் உயிரைப் பறிக்கக்கூடியது என்பதை உலகம் ஏற்றுக்கொள்ளவும், கூட்டாக முடிவெடுக்கும் பயிற்சி விமானிகளுக்குக் கட்டாயமாகவும் அந்த விபத்து ஒரு முக்கியக் காரணமாயிற்று.

எஞ்சின் நின்ற பிறகு நேரும் தவறுகள் வேறு வகையானவை. அவற்றுள் மிகவும் கொடியது, எட்டாத ஓடுபாதையை எட்டிவிடலாம் என்ற ஆசை. சிறிய விமானம் புறப்பட்ட சில நொடிகளில் எஞ்சின் நின்றுவிட்டால், விமானியின் மனம் பின்னால் விட்டுவந்த ஓடுபாதையையே நாடும். ஆனால் தாழ்ந்த உயரத்தில் விமானத்தைக் கூர்மையாகச் சாய்த்துத் திருப்பும்போது, அது காற்றில் தாங்கி நிற்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் கூடிவிடுகிறது. 45 பாகைச் சாய்வில் ஏறத்தாழ 19 விழுக்காடு, 60 பாகையில் 41 விழுக்காடு. வேகமோ குறைந்துகொண்டே வருகிறது. மூக்கைத் தூக்கிப் பிடித்துச் சறுக்கு தூரத்தை நீட்டப் பார்த்தாலும் இதே கதிதான்: இறக்கை தாங்கும் சக்தியை இழக்க, விமானம் கட்டுப்பாடின்றித் தலைகீழாக விழுகிறது. நேர் எதிரே, அல்லது சற்றே இடமோ வலமோ, கிடைக்கிற வெளியில் இறங்கினால் பிழைத்திருக்கக்கூடிய பலர் திரும்ப முயன்று இறந்திருக்கிறார்கள்.

2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கின் லகார்டியா நிலையத்திலிருந்து கிளம்பிய யூஎஸ் ஏர்வேஸ் ஏ320 விமானத்தின் இரு எஞ்சின்களும், கனடா வாத்துக் கூட்டம் மோதியதால், சுமார் 2,800 அடி உயரத்தில் உந்துவிசையை இழந்தன. கேப்டன் செஸ்லி சல்லன்பெர்கருக்கும் துணை விமானி ஜெஃப்ரி ஸ்கைல்ஸுக்கும் கிடைத்தது மூன்றரை நிமிடம். தரைக்கட்டுப்பாடு லகார்டியாவையும், பிறகு அருகிலுள்ள டீட்டர்பரோ விமான நிலையத்தையும் தர முன்வந்தும், எட்டாது என்று தீர்மானித்து ஹட்சன் ஆற்றில் இறக்கினார்கள். 155 பேரும் பிழைத்தனர். பின்னர் நடந்த சிமுலேட்டர் சோதனைகளில், பறவை மோதிய கணமே திரும்பியிருந்தால் ஓடுபாதையை எட்டச் சில வாய்ப்புகள் இருந்தன. நிலைமையைப் புரிந்துகொள்ள 35 நொடி சேர்த்துப் பார்த்த சோதனையில் விமானம் ஓடுபாதையை எட்டவில்லை. ஓடுபாதையை மறந்துவிடும் துணிவே அன்று அவர்களைக் காப்பாற்றியது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்த தவறு, விமானத்தைச் சேதமின்றி இறக்க வேண்டும் என்ற எண்ணம். வெளியிடத்தில் இறங்கும் விமானம் நொறுங்கட்டும். இறக்கையும் சக்கரமும் அடிப்பகுதியும் நசுங்கி வேகத்தை விழுங்கட்டும். மனிதர்கள் அமர்ந்திருக்கும் பகுதி மட்டும் முழுதாக இருந்தால் போதும். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும் சிறு விமானம், ஈர்ப்பைப் போல் ஒன்பது மடங்கு விசையுடன் சீராக நிற்க மூன்று மீட்டருக்கும் குறைவான தூரமே வேண்டும். 160 கிலோமீட்டர் என்றால் அது பதினொரு மீட்டராகிறது. ஆகவே கட்டுப்பாட்டில் இருக்கும் மிகக் குறைந்த வேகத்தில், காற்றை எதிர்கொண்டு இறங்குவதே முக்கியம். மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் 20 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் 110 வேகத்திலும், அதே காற்று பின்னாலிருந்து வீசினால் 150 வேகத்திலும் தரையைத் தொடும். இரண்டாவதில் ஆற்றல் கிட்டத்தட்ட இரட்டிப்பு.

இடத் தேர்வில் பலரையும் ஏமாற்றுவது நெடுஞ்சாலை. வானிலிருந்து ஓடுபாதை போலத் தெரியும் சாலையின் ஓரங்களில் கம்பங்களும் மரங்களும் கடைகளும் வாகனங்களும் உண்டு. 1977 ஏப்ரல் 4 அன்று கடும் மழையிலும் ஆலங்கட்டியிலும் எஞ்சின்களை இழந்த சதர்ன் ஏர்வேஸ் டிசி-9 விமானம், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தின் நியூ ஹோப் ஊரில் சாலையில் இறங்கியபோது, இறக்கைகள் மரங்களிலும் கம்பங்களிலும் மோதி, பெட்ரோல் நிலையத்தையும் இடித்துச் சென்றது. தரையில் இருந்த ஒன்பது பேர் உட்பட 72 பேர் இறந்தனர். இதே போன்ற புயலில் எஞ்சின்கள் நின்ற டாக்கா (TACA) என்ற விமான நிறுவனத்தின் போயிங் 737 விமானத்தை, 1988 மே 24 அன்று கேப்டன் கார்லோஸ் டர்டானோ நியூ ஆர்லியன்ஸ் அருகே புல் மூடிய கரையொன்றின் மீது இறக்கினார். 45 பேரும் உயிர் தப்பினர். மின்கம்பிகள் வானிலிருந்து கண்ணுக்குத் தெரியவே தெரியா. கம்பங்கள் வரிசையாக நிற்கின்றனவா என்று தேடினால்தான் கம்பி எங்கே ஓடுகிறது என்று ஊகிக்க முடியும். நெல்வயலானால் வரப்புகளுக்கு இணையாக இறங்குவது நல்லது. ஒருமுறை தேர்ந்த இடத்தைக் கடைசி நேரத்தில் மாற்றுவது பெரும்பாலும் இரண்டு இடங்களையும் இழப்பதில் முடிகிறது.

நீரில் இறங்கும்போது சக்கரங்கள் உள்ளேயே இருக்க வேண்டும், இறக்கைகள் சமமாக இருக்க வேண்டும், கடலானால் அலைவரிசைக்கு இணையாகச் செல்ல வேண்டும். 1996 நவம்பர் 23 அன்று கடத்தப்பட்டு எரிபொருள் தீர்ந்த எத்தியோப்பியன் போயிங் 767, இந்தியப் பெருங்கடலின் கோமோரோஸ் தீவுக் கரையருகே இடப்பக்கம் சாய்ந்தபடி நீரைத் தொட்டு உடைந்தது. கடத்தல்காரர்களோடு போராடிக்கொண்டே விமானத்தை ஓட்டிய கேப்டன் லெயுல் அபாத்தேமீது பழி சொல்ல எதுவுமில்லை. ஆனால் பயணிகளில் பலர் உயிர்காப்பு ஜாக்கெட்டை உள்ளேயே ஊதிக்கொண்டார்கள். நீர் புகுந்தபோது அந்த ஜாக்கெட்டே அவர்களைக் கூரையோடு அழுத்தி, மூழ்கி வெளியேற விடாமல் தடுத்தது. அன்று இறந்தவர்கள் 125 பேர். ஜாக்கெட்டை அணிந்துகொள்ளுங்கள், கதவைத் தாண்டிய பிறகே கயிற்றை இழுங்கள். புறப்படும் முன் பணிப்பெண் செய்துகாட்டும்போது நாம் கைப்பேசியில் மூழ்கியிருக்கிறோமே, அந்த அரை நிமிடத்தில் சொல்லப்படுவது இதுதான்.

பயணிகள் செய்யும் தவறுகளில் இன்னும் சிலவற்றையும் சொல்ல வேண்டும். முதல் அதிர்வு முடிந்ததுமே சீட் பெல்ட்டைக் கழற்றுவது ஆபத்து. வயலில் இறங்கும் விமானம் ஒருமுறை மட்டும் மோதுவதில்லை, எழும்பி மீண்டும் மோதும், திரும்பும், உடையும். பெல்ட் வயிற்றின் மேல் இல்லாமல் இடுப்பெலும்பின் மேல் தாழ்வாகவும் இறுக்கமாகவும் இருக்க வேண்டும். குனியச் சொன்னால் தலையை முன் இருக்கையில் அழுத்தி, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் தரையில் பதிக்க வேண்டும். தலையும் கால்களும் வீசியடிக்கப்படாமல் இருப்பதற்கே இந்த நிலை. 1991 டிசம்பர் 27 அன்று ஸ்வீடனின் கோட்ரோராவில் வயலில் இறங்கிய எஸ்ஏஎஸ் விமானம் மூன்று துண்டாக உடைந்தும் 129 பேரும் பிழைத்தார்கள்.

வெளியேறும் கதவைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். வந்த வழியே திரும்பி ஓடுவது நம் இயல்பு. ஏறி அமர்ந்ததும் முன்னும் பின்னும் உள்ள கதவுகள் எத்தனை வரிசை தள்ளி இருக்கின்றன என்று எண்ணி வைத்தால், புகையில் கையால் தடவியே போகலாம். கதவைத் திறக்கும் முன் வெளியே தீயோ நீரோ இருக்கிறதா என்று சன்னல் வழியே பார்க்க வேண்டும். ஹட்சனில் பின்பகுதி நீரில் தாழ்ந்திருந்தபோது பின்கதவு ஒன்று சற்றே திறக்கப்பட, நீர் இன்னும் வேகமாக உள்ளே வந்தது. கைப்பையை எடுப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: பாதி கதவுகள் மட்டும் திறக்கும் நிலையில் 90 நொடிகளில் எல்லோரும் வெளியேற முடியும் என்று நிரூபித்த பிறகே விமான வகைக்கு அனுமதி தரப்படுகிறது, அந்தச் சோதனையில் மேல்பெட்டியைத் திறந்து பை எடுப்பவர் எவரும் இல்லை.

வெளியே வந்தவர்கள் காற்று வரும் திசையை நோக்கி, எரிபொருள் ஆவியும் புகையும் எட்டாத தூரத்துக்கு நகர்ந்து, ஓரிடத்தில் கூடி நிற்க வேண்டும். விட்டுவந்த பொருளுக்காகத் திரும்பவே கூடாது. ஊர்மக்களுக்கும் இதில் பங்கு உண்டு. 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதை கடந்து பள்ளத்தில் விழுந்தபோது, கொட்டும் மழையிலும் நோய்த்தொற்று அச்சத்திலும் அக்கம்பக்கத்தினர் தயங்காமல் ஓடி உதவினார்கள். உங்கள் ஊர் வயலில் அப்படியொரு விமானம் இறங்கினால், புகை வீசும் பக்கமாக நெருங்காதீர்கள். அருகே பீடி, சிகரெட் பற்றவைக்காதீர்கள். நடக்க முடியாத காயக்காரரைத் தீ நெருங்காதவரை கழுத்தையும் முதுகையும் தாங்காமல் தூக்காதீர்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களின் வண்டிகளை வயலுக்குப் போகும் ஒற்றையடிச் சாலையிலிருந்து அகற்றி, தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் வர வழி ஏற்படுத்திக் கொடுங்கள்.