மகரக்கட்டு உடைந்தால் சுருதியை இறக்குங்கள்

"நன்றாகத்தான் பாடிக்கொண்டிருந்தான். இப்போது மேல் ஸட்ஜம் (மேல் ஸா) போனாலே குரல் பிசிறடிக்கிறது. கிளாஸை நிறுத்திவிடலாமா, டீச்சர்?" மகரக்கட்டு உடைகிற, அதாவது குரல் உடைந்து கனக்கிற வயதுப் பையன்களின் அம்மாக்கள் என்னிடம் கேட்பது இது. நிறுத்தவே வேண்டாம். சுருதியை இறக்கினால் போதும். சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம், எண் கூடினால் சுருதி ஏறும்.

குரல்வளையில் விரலை வைத்து 'ம்ம்' என்று இழுத்துப் பாருங்கள். அதிர்கிற இடத்துக்குள்தான் இரண்டு குரல்நாண்கள் இருக்கின்றன. ஐந்து கட்டையில் ஸா பிடித்தால் அவை நொடிக்குச் சுமார் 196 தடவை சேர்ந்து பிரியும். ஆண்கள் பாடும் ஒரு கட்டையில் சுமார் 131 தடவை. பன்னிரண்டு, பதின்மூன்று வயது வாக்கில் பையன்களுக்கு இந்த நாண்கள் மளமளவென்று நீண்டு தடிக்கும். பழைய உயரத்துக்கு இழுத்தால் பிடி நழுவுகிறது, அவ்வளவுதான். பெண் பிள்ளைகளுக்கும் குரல் இறங்கும், ஆனால் கொஞ்சமாகத்தான்.

புது சுருதியைக் கண்டுபிடிக்க, சுருதிப் பெட்டியை மூன்று கட்டையில் வைத்துத் தொடங்குங்கள். ஸா-வில் நின்று மந்தர பஞ்சமத்துக்கு (கீழ் ப) இறங்கட்டும். காற்றாக இல்லாமல் ஒலியாகக் கேட்க வேண்டும். பிறகு மேல் காந்தாரம் (மேல் க). கழுத்து நரம்பு புடைத்தாலோ முகவாய் மேலே தூக்கினாலோ அரைக் கட்டை குறையுங்கள். இரண்டும் சிரமமில்லாமல் வரும் இடமே அவன் சுருதி. அடுத்த மாதம் அது மாறலாம், அதனால் திரும்பவும் பாருங்கள். அதுவரை கீழ்க்காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், ஆரம்பப் பாடமான சரளி வரிசை போதும். கச்சேரி, போட்டி எதற்கும் அவனைப் பழைய சுருதியில் பாட வைக்காதீர்கள். கத்திப் பிடித்த மேல் ஸட்ஜத்துக்குக் கிடைக்கும் கைதட்டல் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

வயதானவர்களுக்கு வேறு கணக்கு. மாதவிடாய் நின்றபின் பல பெண்களுக்குக் குரல் கனத்து இறங்கும். ஐந்தரையில் பாடியவர் ஐந்துக்கோ நாலரைக்கோ வந்தால் அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. ஆண்களுக்கு நாண்கள் மெலிந்து நடுவில் முழுதாக மூடாமல் காற்று கசியும். குரல் மெலிந்து சற்று மேலேகூட ஏறும். மூச்சும் முன்போல் நீளாது. இவர்கள் ஒரேயடியாக ஒரு மணி நேரம் உட்கார வேண்டாம். காலையில் கால் மணி, மாலையில் கால் மணி போதும். அரை டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவின் நுனி மட்டும் மூழ்கட்டும். அதன் வழியே குமிழி வர 'ஊ' என்று ஸா பிடியுங்கள், அப்புறம் மெதுவாக பஞ்சமம் வரை ஏறி இறங்குங்கள். தொண்டை இறுகாமல் குரல் திறக்கும். 'ஆ' என்று பாடிப் பழகும் அகார சாதகம் அதற்குப் பிறகுதான்.

தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருக்காதீர்கள், ஒரு வாய் தண்ணீர் விழுங்குங்கள். குரல் கட்டினால் குசுகுசுவென்று பேசுவதும் ஓய்வாகாது, வாயை மூடி இருப்பதுதான் ஓய்வு. சளி, காய்ச்சல் இல்லாமல் மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால் கஷாயத்தோடு நிற்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். புகை பிடிப்பவர் என்றால் அவ்வளவு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.