டிஸ்க் சிபியுவுக்கு உள்ளேயா, மேஜைமேலா? தொழில் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணத்தில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோ. தை மாதம், அடுத்தடுத்து மூன்று முகூர்த்தம். எடிட்டிங் பார்க்கும் தம்பி ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக எழுதும் வேலை) போட்டுவிட்டு டீ குடிக்கப் போன நேரத்தில் கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் இருந்ததால் கம்ப்யூட்டர் அணையவில்லை, மானிட்டர்கூடக் கண் சிமிட்டவில்லை. ஆனால் மேஜைமேல் இருந்த 3.5 அங்குல எக்ஸ்டர்னல் டிஸ்க்கின் அடாப்டர் சுவரில் இருந்த சாதாரண பிளக்கில் செருகியிருந்தது. எழுதிக்கொண்டிருந்த டிஸ்க் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. நான் போனபோது, அதை ஃபார்மேட் செய்யவா என்று விண்டோஸ் கேட்டுக்கொண்டிருந்தது.

“அண்ணே, கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் ஆகலியே, டிஸ்க் மட்டும் எப்படிண்ணே போகும்?” என்றார் தம்பி. குனிந்து மேஜைக்கு அடியில் அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டே போய், அது முடியும் இடத்தைக் காட்டினேன். அவர் ஃபார்மேட்டுக்குச் சரி கொடுக்காமல் விட்டிருந்தது பெரிய உதவி. ரெகவரியில் பெரும்பகுதி வந்துவிட்டது. மாப்பிள்ளை அழைப்பில் இரண்டு கிளிப் மட்டும் கடைசிவரை வரவில்லை.

தஞ்சாவூர், மயிலாடுதுறை, திருவாரூர் என்று எங்கே போனாலும் ஸ்டுடியோக்காரர்களும் டிடிபி கடைக்காரர்களும் ஆடிட்டர் அலுவலகத்திலும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “இடம் பத்தலை, உள்ளே ஒரு டிஸ்க் போடலாமா, எக்ஸ்டர்னல் வாங்கிக்கவா?” நான் சொல்லும் பதிலும் ஒன்றுதான். நடந்துகொண்டிருக்கும் வேலை உள்ளே இருக்கட்டும். வெளியே இருப்பது எடுத்துப் போகவும் நகல் வைக்கவும். வெளியே இருக்கும் டிஸ்க்கே அந்த வேலைக்கு ஒரே இருப்பிடம் என்று ஆகும்போதுதான் நான் பார்த்த இழப்புகளில் பெரும்பாலானவை நடந்திருக்கின்றன.

அதனால் முதல் திருத்தம் அந்த அடாப்டர்தான். 3.5 அங்குல எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்குத் தனியாக 12 வோல்ட் மின்சாரம் வேண்டும், யுஎஸ்பி கேபிள் அதைத் தராது. அந்த அடாப்டரும் யுபிஎஸ்ஸில்தான் இருக்க வேண்டும். சிபியுவுக்கு உள்ளே இருக்கும் டிஸ்க் கம்ப்யூட்டரின் பவர் சப்ளையிலேயே ஓடுவதால் இந்தப் பிரச்சினை அதற்கு எழுவதே இல்லை. கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும் அந்தச் சில நொடிகள் நம் ஊர்களில் எத்தனை முறை வருகின்றன என்பது உங்களுக்கே தெரியும். 2.5 அங்குலச் சிறிய டிஸ்க்குகள் யுஎஸ்பியிலேயே ஓடிவிடும், அவற்றுக்கு அடாப்டர் கவலை இல்லை. அங்கே எதிரி கேபிள். கால் பட்டோ பை இழுத்தோ ஒரு விரற்கடை நகர்ந்தாலே தொடர்பு அறுந்துவிடும்.

எக்ஸ்டர்னல் என்றாலே மந்தம் என்று நினைப்பது அடுத்த தவறு. அந்தப் பெட்டிக்குள் இருப்பதும் சாதாரண ஹார்ட் டிஸ்க்தான், கூடவே யுஎஸ்பியாக மாற்றித் தரும் ஒரு சின்ன சர்க்யூட், அவ்வளவுதான். ஒரு ஹார்ட் டிஸ்க் நொடிக்குச் சுமார் 150 முதல் 200 எம்பி வரை தரும். யுஎஸ்பி 3.0 அதைவிட அகலமான பாதை. ஆக அங்கே மந்தம் என்று ஒன்று இருந்தால் அது நீங்கள் செருகிய ஓட்டையில் இருக்கிறது. யுஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகினால் நொடிக்கு 35 எம்பி வருவதே பெரிது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். நொடிக்கு 100 மெகாபிட் தரத்தில் எடுத்த 4கே புட்டேஜ் மணிக்கு 45 ஜிபி. வரவேற்பும் முகூர்த்தமும் சேர்த்து இரண்டு கேமரா, ஆளுக்கு ஆறு மணி நேரம் என்றால் 540 ஜிபி. இதை நகலெடுக்க யுஎஸ்பி 2.0 போர்ட்டில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதே டிஸ்க்கை அதே கம்ப்யூட்டரின் பின்பக்கத்து நீல நிறப் போர்ட்டில் செருகினால் ஒரு மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும். புது டிஸ்க் வாங்கும் முன் கேபிளையும் போர்ட்டையும் பாருங்கள் என்று நான் கெஞ்சிச் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் வெளியே வைத்தே எடிட் செய்தால் என்ன? 100 மெகாபிட் என்பது நொடிக்கு 12.5 எம்பிதான், மூன்று கேமரா சேர்ந்தாலும் 40 எம்பியைத் தாண்டாதே என்று ஒருவர் என்னிடம் கேட்டார். எண்ணிக்கை சரி. ஆனால் ஹார்ட் டிஸ்க்கில் படிக்கும் முள் ஒன்றுதான் போய்ப் போய் வருகிறது. மூன்று கோப்புகளை ஒரே நேரத்தில் கேட்டால் அது தட்டின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் தாவிக்கொண்டே இருக்கும், டைம்லைன் திக்கித் திக்கி ஓடும். சிப்பிலேயே தரவை வைக்கும் எஸ்எஸ்டியில் முள்ளும் இல்லை, தட்டும் இல்லை, இந்தத் தாவல் இல்லை. ஆகவே எடிட்டிங் நடக்கும் இடம் எஸ்எஸ்டியாக இருக்க வேண்டும், முடிந்தால் மதர்போர்டிலேயே உட்காரும் என்விஎம்இ வகை. அது ஜென் 4 (நான்காம் தலைமுறை) ஸ்லாட்டில் நொடிக்கு 7,000 எம்பி வரை எட்டும். அதையே யுஎஸ்பி 10 ஜிகாபிட் பெட்டிக்குள் போட்டு வெளியே வைத்தால் ஏறக்குறைய 1,000 எம்பியோடு நின்றுவிடும். அந்த வேகத்துக்குக் கொடுத்த பணம் வீண்.

இடம் போதவில்லை என்று தெரியும்போது காலம் கடந்திருக்கும், அதனால் கம்ப்யூட்டர் வாங்கும் நாளிலேயே இதை யோசிக்க வேண்டும். ஆப்பிளின் மேக் ப்ரோ நல்ல பாடம். பழைய டவர் மாடலில் நான்கு டிஸ்க்குக்கு உள்ளேயே இடம் இருந்தது. 2013-இல் வந்த உருளை வடிவ மாடலில் ஹார்ட் டிஸ்க் செருகும் அறையே கிடையாது, இடம் வேண்டுமானால் தண்டர்போல்ட் என்ற வேகமான கேபிள் வழியாக வெளியே வாங்கிக்கொள் என்ற கணக்கு. எடிட்டர்களின் மேஜை முழுக்கக் கேபிளும் அடாப்டரும் ஆனது. 2019-இல் ஸ்லாட்டுகளோடு மறுபடி டவருக்கே திரும்பினார்கள். அழகான சின்னப் பெட்டியைப் பார்த்து மயங்கும் நம்மூர் ஸ்டுடியோக்காரர்களிடம் இதைத்தான் சொல்கிறேன். மேக் ஸ்டுடியோ போன்ற சின்ன இயந்திரங்களில் வாங்கும்போது எடுத்த அளவோடு சரி. கூடுதல் எல்லாம் வெளியேதான், அதற்கான தண்டர்போல்ட் பெட்டியின் விலையையும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும்.

விண்டோஸ் டவர் அசெம்பிள் செய்பவர்களுக்கு ஒன்று. பல மதர்போர்டுகளில் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் (போர்டிலேயே எஸ்எஸ்டி உட்காரும் இடம்) எஸ்எஸ்டி போட்டால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட் (மற்ற டிஸ்க்குகளின் கேபிள் செருகும் இடம்) வேலை செய்யாது, இரண்டும் ஒரே பாதையைப் பங்கு போடுகின்றன. “நேத்துவரை தெரிஞ்ச டிஸ்க்கைக் காணோம்” என்று பதறி என்னைக் கூப்பிட்டவர்கள் உண்டு. டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது, வேறு போர்ட்டில் மாற்றிச் செருகினால் வந்துவிடும். மதர்போர்டு கையேட்டில் இது எழுதியிருக்கும்.

எக்ஸ்டர்னலைப் பிரித்து உள்ளே மாட்டிக்கொள்ளலாம் என்று தயவுசெய்து கிளம்பாதீர்கள். பெரிய டிஸ்க்குகளில் இது நடக்கும். சிறிய 2.5 அங்குல வகைகள் பலவற்றில் யுஎஸ்பி முனை டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைத்திருக்கும், சாட்டா முனையே இருக்காது. சிலவற்றில் அந்தச் சர்க்யூட்டே தரவைப் பூட்டியும் வைத்திருக்கும். பெட்டியிலிருந்து கழற்றினால் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது.

ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் முறை) போட்டிருக்கிறேன், எனக்குப் பேக்கப் வேண்டாம் என்பவர்களுக்கும் சொல்லியாக வேண்டும். இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவை எழுதும் ரெய்டு 1, ஒரு டிஸ்க் பழுதானால் காப்பாற்றும். தவறுதலாக அழித்த ஃபோல்டர் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் அழியும். தரவைப் பிரித்துப் பிரித்து எழுதும் ரெய்டு 0 என்றால் ஒன்று போனாலே எல்லாம் போயிற்று.

இனி நம் மண்ணுக்கே உரிய விஷயம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் இடி மின்னலோடு மழை கொட்டும் இரவுகளில், கம்ப்யூட்டரோடு எப்போதும் செருகியே வைத்த பேக்கப் டிஸ்க்கைப் பேக்கப் என்று நான் எண்ணுவதில்லை. மின்னல் அடித்துப் பவர் சப்ளை வழியாக மதர்போர்டு போனால் அந்த யுஎஸ்பி கேபிள் வழியே அதுவும் போகலாம். வைரஸ் எல்லாக் கோப்பையும் பூட்டினால் செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும். நகல் எடுத்ததும் கழற்றிவிடுங்கள். சிபியுவைத் தரையில் வைக்காதீர்கள், ஒரு பலகை உயரம் இருந்தால்கூட மழைத்தண்ணீர் உள்ளே வரும் நாளில் உள் டிஸ்க் தப்பும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் கேபிள் முனைகள் அரித்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். டிஸ்க் பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைப்பது நல்லது. எலி கடித்த கேபிளை நான் எண்ணிக்கூட வைத்துக்கொள்ளவில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது ஓடும் கூரையும் பறந்த கடைகளில் உள் டிஸ்க், வெளி டிஸ்க் இரண்டும் ஒன்றாக நனைந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அதனால் இரண்டாவது நகல் அதே கடையில் மேல்மாடியில் இருந்தால் போதாது, வேறு ஊரிலேயே இருக்க வேண்டும். கும்பகோணத்துக் கடைக்குத் திருச்சியில் இருக்கும் அக்கா வீட்டு அலமாரி போதும், கிளவுடுக்கு ஏற்றும் அளவு இணைய வேகம் இல்லாதவர்களுக்கு அதுவே வழி.

அங்கே கொண்டுபோய் வைப்பது ஹார்ட் டிஸ்க்காக இருக்கட்டும். எஸ்எஸ்டியை மின்சாரம் இல்லாமல் வருடக்கணக்கில் பூட்டி வைப்பது நல்லதல்ல. எழுதும் ஆயுளை முடித்துவிட்ட சாதாரண எஸ்எஸ்டி 30 டிகிரியில் ஓராண்டு தரவைத் தாங்க வேண்டும் என்பதுதான் சிப்புகளுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பு வகுத்த அளவு. புதியது அதைவிட நிறையத் தாங்கும். ஆனாலும் வெப்பம் ஏற ஏற அந்தக் காலம் சுருங்கும், நம் சித்திரை 30 டிகிரியோடு நிற்பதில்லை.

மேக்கிலும் விண்டோஸிலும் மாற்றி மாற்றிப் பயன்படுத்த இரண்டும் படிக்கக்கூடிய எக்ஸ்ஃபாட் முறையில் ஃபார்மேட் செய்வது வழக்கம், எடுத்துப் போக அது வசதி. ஆனால் அதில் எழுதும்போது தொடர்பு அறுந்தால் தானே சரிசெய்துகொள்ளும் குறிப்பேடு எதுவும் கிடையாது. விண்டோஸின் சொந்த முறையான என்டிஎஃப்எஸ்ஸில் உண்டு. விண்டோஸ் மட்டுமே உள்ள கடையில் எக்ஸ்ஃபாட்டுக்கு அவசியமே இல்லை.

அந்தக் கும்பகோணத்துத் தம்பி இப்போது 2 டிபி எஸ்எஸ்டியை உள்ளே போட்டு அதில் எடிட் செய்கிறார். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் இரண்டு எக்ஸ்டர்னலில் நகல், ஒட்டுத்தாளில் பெண் வீடு, மாப்பிள்ளை வீடு, தேதி. ஆல்பமும் வீடியோவும் வீட்டாரிடம் போய்ச் சேர்ந்து, அவர்கள் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை மெமரி கார்டை அழிப்பதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பழைய டிஸ்க்கைச் செருகி, ஏதாவது ஒரு கிளிப்பை முழுவதும் ஓடவிட்டுப் பார்க்கிறார். போன மாதம் அப்படிப் பார்த்தபோது ஒரு டிஸ்க்கில் கிளிப் பாதியில் நின்றது. இன்னொரு டிஸ்க்கிலிருந்து அன்றைக்கே புது நகல் எடுத்துவிட்டார்.