‘எர்னஸ்ட்’ நாடகத்தில் குறியீடு தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்கர் வைல்டின் ‘தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்’ 1895 பிப்ரவரி 14 அன்று லண்டன் செயின்ட் ஜேம்ஸ் அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. கதை சுருக்கமாக: கிராமத்தில் ஜாக்காக வாழ்பவன், எர்னஸ்ட் என்றொரு தம்பி இருப்பதாகப் பொய் சொல்லிவிட்டு லண்டனில் அதே பெயரில் உலவுகிறான். அவன் நண்பன் ஆல்ஜெர்னன், பன்பரி என்ற நோயாளி நண்பனை இட்டுக்கட்டி ஊர் சுற்றுகிறான். ஜாக் காதலிப்பது ஆல்ஜெர்னனின் அத்தை லேடி பிராக்னெலின் மகள் குவெண்டலனை. ஆல்ஜெர்னனோ எர்னஸ்ட் என்று சொல்லிக்கொண்டு, ஜாக்கின் பொறுப்பில் வளரும் சிசிலியைக் காதலிக்கிறான். சிசிலியின் ஆசிரியை மிஸ் பிரிஸம். இந்த நாடகத்தைப் பற்றி எழுத உட்காரும் மாணவர்களும், கல்லூரி விழாவுக்கு அதை எடுக்கும் குழுக்களும் ஒரே இடங்களில்தான் வழுக்கி விழுகிறார்கள். ஜாக்கையும் ஆல்ஜெர்னனையும் மாற்றி எழுதுவது, எந்த அங்கம் எங்கே நடக்கிறது என்று குழம்புவது போன்றவை இரண்டாம் வாசிப்பில் தாமாகச் சரியாகிவிடும். தலைப்புப் பெயரில் உள்ள சிலேடையை (Ernest என்ற பெயரும், உண்மையான மனம் என்ற பொருளில் வரும் earnest என்ற சொல்லும் ஒரே ஒலி) எல்லோரும் பிடித்துவிடுகிறார்கள். அவற்றை விட்டுவிட்டு, எத்தனை முறை படித்தாலும் திருந்தாத தவறுகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

பொருளுக்கு எதிரே ஒரு சொல்லை எழுதி முடித்துவிடுவது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. வெள்ளரிக்காய் சாண்ட்விச் என்றால் பேராசை, கைப்பை என்றால் அடையாளமின்மை, தேநீர் என்றால் போலி நாகரிகம், நாட்குறிப்பு என்றால் கற்பனை. நோட்ஸ் புத்தகங்கள் இப்படி ஒரு பட்டியலைக் கொடுக்கின்றன, மாணவர் அதை மனப்பாடம் செய்து அப்படியே இறக்கிவைக்கிறார். ஆனால் கேள்வித்தாள் கேட்பது, ‘சமூகத்தின் பாசாங்கைக் குறியீடுகள் எப்படி வெளிப்படுத்துகின்றன’ என்று. அந்த ‘எப்படி’க்குப் பட்டியலில் பதில் கிடையாது. இருபது மதிப்பெண் கேள்வியில் எட்டோடு நின்றுபோகும் விடைகளில் பெரும்பாலானவை இந்த வகை.

இந்த நாடகத்தில் ஒரு பொருளுக்கு நிலையான அர்த்தம் கிடையாது. அது கை மாறும்போது என்ன நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு பொருளிடமும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: யாருக்காக வைத்தார்கள், யார் எடுத்துக்கொண்டார்கள், யாருக்கு மறுத்தார்கள், அதற்காக யார் பொய் சொன்னார்கள்?

சாண்ட்விச்சை எடுத்துக்கொள்வோம். ஆல்ஜெர்னன் அதைத் தன் அத்தை லேடி பிராக்னெலுக்காகச் சொல்லிவைத்திருக்கிறான். ஜாக் கையை நீட்டியதும் தடுக்கிறான். தானோ விடாமல் தின்றுகொண்டிருக்கிறான். ‘நீ மட்டும் தின்கிறாயே’ என்று கேட்டால், அவள் என் அத்தை, என் கதை வேறு என்கிறான். ஜாக்குக்குக் காட்டப்படுவது குவெண்டலனுக்காக வைத்த வெண்ணெய் தடவிய ரொட்டி. அதை அவன் ஆவலாகச் சாப்பிட்டதும், ஏற்கெனவே அவளைக் கட்டிக்கொண்டவன் போல நடக்கிறாயே என்று அடுத்த குத்து. அத்தை வந்து சேரும்போது தட்டு காலி. ஆல்ஜெர்னன் திடுக்கிட்டவன் போல் வேலைக்காரன் லேனைக் கேட்கிறான். சந்தையில் வெள்ளரிக்காயே இல்லை, இரண்டு முறை போய்ப் பார்த்தேன் என்கிறான் லேன், கண் இமைக்காமல். ரொக்கத்துக்குக்கூடக் கிடைக்கவில்லையா என்று ஆல்ஜெர்னன் தொடர்கிறான். அத்தையோ பொருட்படுத்தவே இல்லை, லேடி ஹார்பரி வீட்டில் ஏற்கெனவே சாப்பிட்டாயிற்று.

இப்போது நான்கு கேள்விகளுக்கும் பதில் வந்துவிட்டது. உறவுமுறையைச் சொல்லி ஒரு விதி போடப்படுகிறது, போட்டவனே அதை மீறுகிறான், மீறலை மூடும் பொய்யைச் சம்பளம் வாங்குபவன் சொல்கிறான், யாருக்காக இத்தனையுமோ அவளுக்கு அது தேவையே இல்லை. ஒரு சமூகத்தின் ஒழுக்கமே இந்தத் தட்டில் நடந்து முடிகிறது. ‘பேராசை’ என்ற ஒற்றைச் சொல் இதில் கால்வாசியைக்கூடத் தொடவில்லை.

அந்த ‘ரொக்கம்’ என்ற சொல்லையும் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் அங்கத்தின் முடிவில் லேன் தட்டில் சில கடிதங்களைக் கொண்டுவருகிறான். உறைகளைப் பார்த்ததுமே ஆல்ஜெர்னன் கிழித்துப் போடுகிறான். அவை பில்கள் என்று ஊகிக்கலாம் என மேடைக் குறிப்பே சொல்கிறது. இந்த வீட்டில் ரொக்கத்துக்கு வாங்குவது அபூர்வம். வைல்ட் முதலில் எழுதிய நான்கு அங்க வடிவத்தில், எர்னஸ்ட் என்ற பெயரில் ஜாக் சவாய் ஹோட்டலில் வைத்த 762 பவுண்டு 14 ஷில்லிங் 2 பென்னி கடனுக்காக, எர்னஸ்டாக நடிக்கும் ஆல்ஜெர்னனைப் பிடித்துப் போக ஒரு வக்கீல் வந்து நிற்கும் காட்சி இருந்தது. அரங்க மேலாளரும் ஜாக் வேடம் ஏற்றவருமான ஜார்ஜ் அலெக்சாண்டர் நாடகத்தை மூன்று அங்கமாகச் சுருக்கச் சொன்னபோது அந்தக் காட்சி போனது. கிழிந்த உறைகள் மட்டும் மிஞ்சின.

கைப்பைக்கும் இதே முறைதான். ‘வேரற்ற மனிதனின் குறியீடு’ என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் நாடகம் அதைப் பேசவில்லை. முதல் அங்கத்தில் லேடி பிராக்னெல் பென்சிலும் குறிப்பேடுமாக உட்கார்ந்து விசாரிக்கிறாள். வருமானம் ஆண்டுக்கு 7,000 முதல் 8,000 பவுண்டு. திருப்தி. கிராமத்தில் 1,500 ஏக்கரை ஒட்டிய நிலத்துடன் வீடு. சரி. பெல்கிரேவ் சதுக்கத்தில் 149ஆம் எண் வீடு. தெருவின் நாகரிகமற்ற பக்கம்தான், ஆனால் மாற்றிக்கொள்ளலாம். பிறப்பு என்று வரும்போது கைப்பை, அதுவும் விக்டோரியா ரயில் நிலையத்தின் பொருள் காப்பறையில். பிரைட்டன் தடத்துக்கான பகுதி என்று ஜாக் விளக்க முயல்கிறான். எந்தத் தடமாக இருந்தால் என்ன என்று வெட்டிவிடுகிறாள். பணம், நிலம், வீடு எல்லாம் இருந்தும் ஒரு முகவரிக் குறையில் ஆள் நிராகரிக்கப்படுகிறான். சமூகப் பருவம் (லண்டன் மேல்தட்டின் விருந்துக் காலம்) முடிவதற்குள் ஒரு பெற்றோரையாவது தேடிக் கொண்டுவரச் சொல்வதும் இதே கணக்குதான்: பிறப்பையும் வாங்கிச் சேர்க்கக்கூடிய சொத்துகளில் ஒன்றாக அவள் பார்க்கிறாள்.

மூன்றாம் அங்கத்தில் அதே பை திரும்பி வருகிறது. இந்த இடத்தைப் பாதிப் பேர் தொடுவதே இல்லை. மிஸ் பிரிஸம் பையைச் சோதித்துப் பார்க்கிறாள். கோவர் தெரு குதிரை ஆம்னிபஸ் கவிழ்ந்தபோது பட்ட கீறல் இருக்கிறது. மதுவிலக்குப் பானம் ஒன்று லெமிங்டனில் வெடித்ததால் உள் துணியில் படிந்த கறை இருக்கிறது. பூட்டில் பெயரெழுத்துகள் இருக்கின்றன. பை தன்னுடையதுதான் என்று உறுதியானதும் அவள் சொல்வது என்ன தெரியுமா? இத்தனை ஆண்டுகள் அது இல்லாமல் மிகவும் சிரமமாக இருந்ததாம். தொலைந்த குழந்தை வளர்ந்த ஆளாக எதிரே நிற்கிறது, அவள் மகிழ்வது பை கிடைத்ததற்கு. மறதியில், தான் எழுதிய நாவலின் கையெழுத்துப் படியைக் குழந்தை வண்டியிலும் குழந்தையைப் பையிலும் வைத்தவள் அவள். அது மூன்று தொகுதி நாவல் என்பதையும் கவனியுங்கள். 1894இல் மூடீஸ், டபிள்யூ.எச். ஸ்மித் ஆகிய இரு பெரிய வாடகை நூலகங்களும் அந்த வடிவத்துக்குக் கொடுக்கும் விலையைக் குறைக்கப்போவதாக அறிவித்தன, சில ஆண்டுகளில் அது மறைந்தே போனது. குழந்தைக்குப் பதிலாக வண்டியில் படுத்திருந்தது, ஒழுக்கமும் கண்ணீரும் நிரம்பிய ஒரு பழைய சரக்கு. பாசாங்கைப் பற்றி எழுத இதைவிட நல்ல இடம் நாடகத்தில் இல்லை. பட்டியல் முறை அதைப் பார்க்கவே விடுவதில்லை, அதனால்தான் அந்த முறை மேல் இவ்வளவு கோபம் வருகிறது.

எழுதும்போது ஒரு பொருளுக்கு ஒரு முழுப் பத்தி கொடுங்கள். முதல் இரண்டு வாக்கியங்களில் பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று சொல்லுங்கள். அடுத்து, எந்த விதி மீறப்படுகிறது என்பது. கடைசியாக அதே பொருள் நாடகத்தில் வேறெங்கே வருகிறது என்பது. மூன்று பொருள்களை இப்படி எழுதினால் பத்துப் பொருள் பட்டியலைவிட மேலான விடை கிடைக்கும்.

தேநீர்க் காட்சியைப் பெண்கள் சண்டையாகப் பார்ப்பது

ஒரே எர்னஸ்டுக்குத்தான் இருவரும் நிச்சயமாகியிருப்பதாக நினைத்துக் குவெண்டலனும் சிசிலியும் மோதும் இரண்டாம் அங்கக் காட்சியில், மெரிமனும் இன்னொரு பணியாளும் தேநீர்ச் சாமான்களோடு நுழைந்ததும் இருவரும் அடங்கிப்போகிறார்கள். வேலைக்காரர்கள் முன்னால் கத்தக் கூடாது. அதனால் சண்டை மரியாதைக்குள் இறங்குகிறது. சர்க்கரை இப்போது நாகரிகமில்லை என்கிறாள் குவெண்டலன், சிசிலி நான்கு கட்டிகளைப் போடுகிறாள். நல்ல வீடுகளில் கேக் காண்பது அரிது என்கிறாள் குவெண்டலன், பெரிய துண்டாக வெட்டி வைக்கப்படுகிறது. மேடையில் இந்தச் சர்க்கரைக் கட்டிகள் ஒவ்வொன்றாக, இடுக்கியில் எடுத்து, சத்தம் கேட்கும்படி விழ வேண்டும். கரண்டியில் அள்ளிப் போட்டால் காட்சி செத்துவிடும். குரலை உயர்த்தினாலும் செத்துவிடும். நாகரிகத்தின் விதிகளைக் காப்பாற்றிக்கொண்டே அவற்றைக் கத்தியாகப் பயன்படுத்துவதுதான் இங்கே நடப்பது.

ரூபாய் வரியைத் தாண்டிப் போவது

நம் ஊரில் இதைப் படிப்பவர்கள் நின்று பார்க்க வேண்டிய ஒரு வரி. சிசிலியை அரசியல் பொருளாதாரம் படிக்கச் சொல்லும் மிஸ் பிரிஸம், ‘ரூபாயின் வீழ்ச்சி’ அத்தியாயத்தை மட்டும் விட்டுவிடச் சொல்கிறாள். அது ஓர் இளம்பெண்ணுக்குச் சற்று அதிகப் பரபரப்பானதாம். இது வைல்டின் கற்பனை இல்லை. வெள்ளி விலை சரிந்ததால், 1870களின் தொடக்கத்தில் ஏறக்குறைய 2 ஷில்லிங்காக இருந்த ரூபாய், 1894இல் 1 ஷில்லிங் 2 பென்னியை ஒட்டி வந்துவிட்டது. 1893இல் இந்திய நாணயச் சாலைகளில் பொதுமக்கள் வெள்ளி கொடுத்து நாணயம் அடித்துக்கொள்வதை நிறுத்தினார்கள். ரூபாயில் சம்பளம் வாங்கி இங்கிலாந்துக்குப் பணம் அனுப்பிய அதிகாரிகளுக்கு இழப்பு. லண்டனில் பவுண்டில் கட்ட வேண்டிய செலவுகளுக்காக இங்குள்ள வரிப்பணத்திலிருந்து முன்னைவிட அதிக ரூபாய் போனது. அரங்கில் உட்கார்ந்திருந்த பலருக்கு அது வீட்டுச் செய்தி. பெண்ணிடமிருந்து மறைக்கப்படுவது இங்கே காதல் சமாச்சாரம் இல்லை, பணத்தின் கதை. அந்தப் பெண்ணோ 1,30,000 பவுண்டுக்குச் சொந்தக்காரி.

லேடி பிராக்னெலை வில்லியாக்குவது

பாசாங்கின் மொத்த உருவம் அவள் என்று எழுதுகிறார்கள். உரையை மறுபடி படியுங்கள். சிசிலியின் பெயரில் அரசுக் கடன் பத்திரங்களில் 1,30,000 பவுண்டு இருப்பது தெரிந்த அடுத்த கணமே, பெண் மிகவும் லட்சணமாக இருக்கிறாளே என்று எல்லோர் எதிரிலும் சொல்கிறாள். தான் லார்ட் பிராக்னெலை மணந்தபோது கையில் காசே இல்லை என்பதையும், அதை ஒரு தடையாக நினைத்ததே இல்லை என்பதையும் மறைப்பதில்லை. மற்றவர்கள் காதல், கடமை, துக்கம் என்ற போர்வைக்குள் வைத்திருக்கும் கணக்கை இவள் வெளியே எடுத்து வாசிக்கிறாள். பாசாங்கைத் தேட வேண்டிய இடம் அவளைச் சுற்றியிருப்பவர்களிடம். இல்லாத தம்பி இறந்துவிட்டதாகச் சொல்லிக் கறுப்பு உடை உடுத்தித் துக்கம் கொண்டாடும் ஜாக் ஓர் உதாரணம். கணவன் இறந்தபின் இருபது வயது குறைந்தது போலத் தெரியும் லேடி ஹார்பரி இன்னொன்று. மேடையில் இவளை உறுமவிடாதீர்கள். தான் சொல்வது நியாயம் என்று முழுமையாக நம்பும் ஒரு பெண்ணாக நடித்தால் போதும். கைப்பை வசனத்தை நீட்டி முழக்கியது நடிகை ஈடித் எவன்ஸின் பாணி. 1952 திரைப்படத்தில் பதிவான அதை நகலெடுக்கும் ஒவ்வொருவரும் அவரோடு ஒப்பிடப்பட்டுத் தோற்கிறார்கள்.

வழக்கை நாடகத்துக்குள் திணிப்பது

ஆண்களுடன் உறவு வைத்ததற்காக வைல்டைச் சிறைக்கு அனுப்பிய வழக்கைச் சொல்கிறேன். தேதிகளை வரிசையாக வையுங்கள். நாடகம் எழுதப்பட்டது 1894 கோடையில், வொர்திங் ஊரில். வைல்டின் காதலரின் தந்தையான குவீன்ஸ்பெரி பிரபு வைல்டை அவமதிக்கும் அட்டையை ஆல்பமார்ல் கிளப்பில் விட்டுச் சென்றது 1895 பிப்ரவரி 18, அதாவது முதல் காட்சி நடந்த நான்கு நாள் கழித்து. கைது ஏப்ரல் 5. இரண்டாண்டு கடுங்காவல் தண்டனை மே 25. விளம்பரங்களிலிருந்து அவர் பெயர் அகற்றப்பட்டது, மே மாதத்தில் நாடகமும் நின்றது. 1899இல் புத்தகமாக வந்தபோதும் முகப்பில் பெயர் இல்லை.

இரட்டை வாழ்க்கை நடத்திய ஒருவர் இரட்டை வாழ்க்கை பற்றி எழுதினார் என்று சொல்லத் தாராளமாக உரிமை உண்டு. ஆனால் பன்பரி என்ற பெயரும் எர்னஸ்ட் என்ற பெயரும் ரகசியச் சங்கேதங்கள் என்று அடித்துச் சொல்ல உறுதியான சான்று இல்லை. ‘இப்படியும் வாசிக்க இடமுண்டு’ என்று எழுதுங்கள். தேர்வாளர் கோடு போடமாட்டார்.

மஃபின் என்றால் கேக் இல்லை

பேக்கரியிலிருந்து சாக்லேட் கப்கேக் வாங்கி வைக்காதீர்கள். நாடகத்தில் வருவது சூடாக வாட்டி வெண்ணெய் தடவிய தட்டையான ரொட்டி. வெண்ணெய் கையில் வழியாவிட்டால், பதற்றத்தோடு தின்றால் சட்டைக் கையில் ஒட்டிவிடும் என்று ஆல்ஜெர்னன் சொல்வது யாருக்கும் புரியாது. வசனத்துக்கு முன் வாய் காலியாக வேண்டும், ஆகவே கடி சிறியதாக இருக்கட்டும். ஒத்திகையின் முதல் வாரத்திலிருந்தே உண்மையான உணவோடு பழகுங்கள்.

வேலைக்காரர் பாத்திரங்களை வெட்டுவது

நேரம் மிச்சமாகும், நாடகம் மிஞ்சாது.

பாத்திரத்தின் பேச்சை வைல்டின் கொள்கையாக மேற்கோள் காட்டுவது

யார், யாரிடம், எதை மறைக்கச் சொன்னார் என்று சேர்த்தே எழுதுங்கள்.

‘இறுதியில் உண்மை வென்றது’ என்று முடிப்பது

வெல்லவில்லை. ஜாக், ஆல்ஜெர்னனின் தொலைந்துபோன அண்ணன் என்று தெரிகிறது. ராணுவப் பட்டியல்களைப் புரட்டி, தனக்கும் வைக்கப்பட்ட தந்தை பெயர் எர்னஸ்ட் ஜான் என்று அவன் கண்டுபிடிக்கிறான். ஊரை ஏமாற்றச் சொன்ன பெயரே பிறப்பிலேயே அவனுடையதாக அமைந்துவிடுகிறது. இல்லாத தம்பி என்று சொன்னது ஆல்ஜெர்னன் வடிவில் உண்மையாகிறது. ஜாக் திருந்தவுமில்லை, தண்டிக்கப்படவுமில்லை. வாழ்நாள் முழுக்க உண்மையையே பேசியிருக்கிறேனே என்று குவெண்டலனிடம் மன்னிப்புக் கேட்கிறான். நீங்கள் மாறிவிடுவீர்கள் என்ற நம்பிக்கை இருக்கிறது என்று அவள் மன்னிக்கிறாள். விக்டோரிய மேடையின் வழக்கமான கடைசிக் காட்சியில் பொய்யன் மனம் மாறுவான். வைல்ட் அந்தச் சட்டகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மன்னிப்பு எதற்கு என்பதை மட்டும் புரட்டிப் போட்டார். விடையின் கடைசிப் பத்தியை இந்த இரண்டு வசனங்களின் மேல் கட்டுங்கள். ‘நேர்மையே சிறந்தது’ என்ற வாக்கியம் எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.