ஈற்றோரத்தில் நிலைக்காத பல் அடைப்பு: என் அனுபவம்

என் கடைவாய்ப் பல்லின் வெளிப்புறத்தில், ஈற்றை ஒட்டி வைத்த காம்போசிட் (பல் நிறப் பிசின்) அடைப்பு ஒரே ஆண்டில் இருமுறை பெயர்ந்தது. இருமுறையும் அதன் விளிம்பில் பழுப்புக் கோடாகப் புதுச் சொத்தை தொடங்கியிருந்தது. பிரஷ்ஷை மாற்றியும் இனிப்பைக் குறைத்தும் பயனில்லை.

மூன்றாம் முறை நான் சென்று பார்த்த மருத்துவர், வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே நான் உட்கொள்ளும் மாத்திரைகளைக் கேட்டார். ஒவ்வாமைக்காகத் தினமும் விழுங்கிய மாத்திரை, பல்லைச் சொத்தையிலிருந்து காக்கும் உமிழ்நீரைக் குறைத்திருந்தது. வறட்சி தீர நான் சப்பிய புளிப்பு மிட்டாய் மீதியைக் கெடுத்திருந்தது. மாத்திரையை மாற்றி வாங்கினேன், மிட்டாயை நிறுத்தினேன்.

இம்முறை அவர் வைத்தது கிளாஸ் அயனோமர் என்ற பல் சிமெண்ட். அது பல்லோடு வேதிமுறையில் பிணைந்து, சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடை மெல்ல வெளியிட்டு, பற்பசையிலிருந்து மீண்டும் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளும்; காம்போசிட்டைவிட விரைவில் தேயும் என்றாலும், கடிபடாத இடத்தில் அது பெரிய குறையன்று. வறண்ட வாயில் உலர்ந்து வெடிக்கக்கூடும் என்பதால் மேலே ஒரு பாதுகாப்புப் பூச்சும் பூசினார். பலரும் தவறவிடுவது ஒன்றுண்டு: அமிலத்தன்மையுள்ள ஃபுளோரைடு ஜெல் இந்த அடைப்பின் மேற்பரப்பையே அரிக்கும், எனவே நடுநிலை ஜெல்லையே எழுதிக்கொடுத்தார். துலக்கிய பின் கொப்பளிக்காமல் நுரையை மட்டும் துப்புகிறேன். 18 மாதங்களாகியும் அந்தப் பழுப்புக் கோடு திரும்பவில்லை என்பதில் பெரும் நிம்மதி.